எடுக்காமல் விட்ட ரத்தம்

என் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் 'டாக்டர்' ஒரு முயலின் காதிலிருந்து வந்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருக்காரர்கள் அந்தப் பட்டத்தை நம்பித் தலைவலிக்கும் வயிற்றுப்போக்குக்கும் மாத்திரை கேட்டு வருவார்கள். "நான் அந்த டாக்டர் இல்லை" என்று சொல்லி அனுப்புவேன். பிறகு எந்த டாக்டர் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சங்கடமாகப் போயிருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் பிஎச்.டி.க்குச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் நெல் விதைத்தவர்கள் உண்டு, பின்னால் அதே வயலை மனை போட்டு விற்றவர்களும் உண்டு. டாக்டர் பட்டம் வாங்கியவர் மட்டும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க நான் புறப்பட்டிருந்தேன்.

என் வேலை, ஆட்டின் சிறுநீரகச் செல்களைச் சுற்றியிருக்கும் சவ்வில் புதைந்து கிடக்கும் ஒரு புரதத்தைக் கண்டுபிடிப்பது. சவ்வுப் புரதம் லேசில் அகப்படாது. அதனால் சந்தேகப்படும் புரதத்தைக் கொஞ்சம் பிரித்தெடுத்து முயலுக்கு ஊசி போடுவோம். முயலின் உடம்பு அதை வேண்டாத விருந்தாளி என்று கண்டு, பிடித்து நிறுத்தும் ஆன்டிபாடிகளை ரத்தத்தில் உண்டாக்கும். அந்த ரத்தத்தைத் தெளியவைத்து எடுத்த சீரத்தில், ஆட்டுப் புரதங்களை ஏற்றிய சோதனைத் தாளை ஊறவைத்தால், புரதம் இருக்கும் இடத்தில் பழுப்பாக ஒரு கோடு எழும். அந்த ஒரு கோட்டுக்காகத்தான் தாம்பரம் மார்க்கெட் கறிக்கடைக்கு வாரம் இரண்டு முறை நடந்தேன். "கிட்னியாவே வாங்கிகினு போறியே, வூட்ல யாருக்கும்மா ஒடம்பு சரியில்ல?" என்று கடைக்காரர் ஒருநாள் பரிவோடு விசாரித்தார்.

இதில் ஒரே ஒரு நிபந்தனை உண்டு. முயல் ஒன்றும் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் இல்லை. நம்மிடம் வருமுன்பே அது எத்தனையோ கிருமிகளைப் பார்த்திருக்கும், அவற்றுக்கான ஆன்டிபாடிகளும் அதே ரத்தத்தில் ஓடும்; அவை ஆட்டின் வேறு ஏதாவது புரதத்தைத் தவறிப் பிடித்துக் கோடு காட்டலாம். ஆகவே ஊசி போடுவதற்கு முன் கொஞ்சம் ரத்தம் எடுத்துத் தனியே வைக்க வேண்டும். பின்னால் கோடு வந்தால், அந்தப் பழைய ரத்தத்திலும் அதே கோடு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் நாம் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. இது அரிச்சுவடி. முயல்களைப் பராமரித்துவந்த, நாங்கள் எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடும் ஊழியருக்கு இது எங்களைவிட நன்றாகத் தெரியும்.

எங்கள் புரொபசர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். சவ்வுப் புரதங்களைப் பற்றி அவர் பேசினால் மணிக்கணக்கில் கேட்கலாம். ஆனால் தினசரி காலண்டரைப் பார்க்காமல் ஒரு சோதனைக் குழாயைக்கூட நகர்த்த மாட்டார். என் முயலுக்கு அவர் குறித்துக் கொடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை, ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரை. நான் முயலின் காதைத் துடைத்து, ரத்தம் எடுக்கத் தயாரானேன். அவர் பதறிப்போனார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா ரத்தம் எடுக்கணுமா? ஊசியப் போடும்மா மொதல்ல. பத்தரைக்கு ராகு காலம்."

"சார், இது ஊசிக்கு முன்னாடி எடுக்கவேண்டிய ரத்தம்..."

"எனக்குத் தெரியாதா? ஆன்டிபாடி வர ஒரு வாரம் ஆகும். நாளைக்கு எடுத்தா என்ன மாறிடப் போகுது?"

ஊசி குத்தலாம், ரத்தம் மட்டும் எடுக்கக் கூடாது. குத்தும்போது வரும் சொட்டு ரத்தத்துக்குச் சாஸ்திரத்தில் விலக்கு இருக்கிறது போலும். முயலைப் பிடித்துக்கொண்டிருந்த அண்ணன் என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, மொதல்ல ரத்தம் எடுக்கலியா? போன தபா எடுத்தாங்களே."

"சார் சொல்லிட்டாருண்ணா."

"மொயலுக்கு வெள்ளி இன்னா, செவ்வா இன்னா" என்று முணுமுணுத்துவிட்டு அழுத்திப் பிடித்தார். நான் ஊசியைப் போட்டேன்.

புரொபசர் சொன்னதில் விஞ்ஞானம் சரிதான், அதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் எடுத்திருந்தாலும் தப்பித்திருப்பேன். ஆனால் சனிக்கிழமை சித்தி மகளுக்கு நிச்சயதார்த்தம். ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. செவ்வாய்க்கிழமை, யாரும் சொல்லாமலேயே, செவ்வாயும் அதுவுமா எதற்கு என்று நானே தள்ளிப்போட்டேன். பத்து நாள் கழித்து, இனி எடுத்தும் பயனில்லை என்ற உயர்ந்த தத்துவத்துக்கு வந்து சேர்ந்தேன். புரொபசரைப் பரிகசிக்கும் எனக்கு இதற்கெல்லாம் ஒரு காலண்டர்கூடத் தேவைப்படவில்லை.

இரண்டு மாதத்தில் கோடு வந்தது. மைகொண்டு இழுத்ததுபோல அழுத்தமான பழுப்புக் கோடு. புரொபசர் மைசூர்பாகு வாங்கிவந்து கூடம் முழுவதும் கொடுத்தார். அடுத்து ஈரலில் பார்த்தேன், அங்கேயும் இருந்தது. தசையில் பார்த்தேன், இருந்தது. மூளையில், மண்ணீரலில், எங்கு பார்த்தாலும் இருந்தது. சிறுநீரகத்துக்கே உரியது என்று நாங்கள் நம்பிய புரதம் ஆடு முழுவதும் பரவியிருந்தது. மூளையுள்ள எவருக்கும் அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். புரொபசருக்குப் பக்திதான் வந்தது.

"தூணிலும் இருக்கும், துரும்பிலும் இருக்கும்" என்று அந்தத் தாளைக் கையில் ஏந்திக்கொண்டு சொன்னார். அதையே ஆங்கிலத்தில் கௌரவமாக எழுதி ஒரு கட்டுரையாக அனுப்பினோம். அச்சில் வந்துவிட்டது. அதை வைத்தே என் ஆய்வேட்டின் நான்கு அத்தியாயங்களையும் கட்டினேன். இப்படி மூன்று வருஷம் போயிற்று. வரன் கொண்டுவந்தவர்களிடமெல்லாம் "படிப்பு முடியட்டும்" என்று சொல்லிச் சொல்லி அப்பாவுக்கு வாய் வலித்தது.

ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் எல்லார் முன்னிலையிலும் ஒரு முறை பேச வேண்டும். அன்று பெங்களூரிலிருந்து ஒரு விஞ்ஞானி அம்மாள் வந்திருந்தார். நான் முடித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். அவர் தட்டவில்லை. ஊசி போடுவதற்கு முன் எடுத்த சீரத்தின் படம் எங்கே என்று கேட்டார். நான் புரொபசரைப் பார்த்தேன். புரொபசர் எழுந்து, அது இருக்கிறது, இன்றைக்கு ஸ்லைடு கொண்டுவரவில்லை, ஆய்வேட்டில் சேர்த்துவிடுவோம் என்றார். அவ்வளவு சரளமாக அவர் பொய் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

இல்லாத ரத்தத்துக்கு நான் எங்கே போவேன்? அந்த முயல் செத்தே ஒரு வருஷம் ஆகியிருந்தது. முயல் அறையில் போய் உட்கார்ந்து அழுதேன். கல்யாண முருங்கை இலையைக் கூண்டுகளில் போட்டுக்கொண்டிருந்த அண்ணன்தான் வழி சொன்னார்.

"அதோட கூடப் பொறந்தது மூணு கீதும்மா. ஊசியே போடாதது. அதுங்க ரத்தத்த எடுத்துப் பாரேன். பொழுதன்னிக்கும் அழுதுகினே இருந்தா இன்னா வரும்?"

எடுத்தேன். அன்று என்ன கிழமை என்று பார்க்கவில்லை. தாளைப் பால் பவுடர் கரைசலில் ஊறவைத்து, மூன்று துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முயலின் சீரத்தை ஊற்றினேன். நிறம் எழ ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. முதல் துண்டில் என் கோடு. இரண்டாவதிலும் என் கோடு. மூன்றாவது மட்டும் வெறுமையாக இருந்தது. ஊசியையே பார்த்திராத முயல்கள் என் மூன்று வருஷத்தைச் சும்மாவே ரத்தத்தில் வைத்திருந்தன. அந்தக் கூண்டுக்குள் எப்போதோ வந்துபோன ஏதோ ஒரு கிருமியை நான் சவ்வுப் புரதம் என்று அச்சில் ஏற்றியிருக்கிறேன்.

புரொபசர் மூன்று துண்டுகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். பிறகு மூன்றாவதை மட்டும் என்னிடம் நீட்டினார்.

"இது நல்லா வந்திருக்கு. இதையே போட்டுடு."

"சார், அது வேற முயல்."

"ஒரே தாய் வயித்துல பொறந்ததுதானே? உனக்கு ஸ்காலர்ஷிப் இன்னும் நாலு மாசம்தான். மறுபடி ஆரம்பிச்சா மூணு வருஷம். யோசிச்சுக்கோ." குரலில் மிரட்டல் இல்லை, நிஜமான அக்கறை இருந்தது. அதுதான் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

பெரிதாக யோசிக்கவில்லை. தாம்பரம் ஸ்டேஷன் எதிரில் இருந்த டைப்பிங் கடையில், அந்த வெற்றுத் துண்டின் படத்துக்குக் கீழே, 'அதே முயல், ஊசிக்கு முன்' என்ற பொருள் வர ஒரு வரி அடிக்கச் சொன்னேன். மூன்று மாதத்தில் வாய்மொழித் தேர்வு. தேர்வாளர் அந்தப் படத்தைத் தொட்டுக் காட்டி, இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதையெல்லாம் செய்வதே இல்லை என்று பாராட்டினார். அப்பா தெருவுக்கே ஜாங்கிரி கொடுத்தார்.

ஒரு வருஷம் கழித்துத் தெற்கே ஒரு ஊரிலிருந்து இன்லண்ட் கடிதம் வந்தது. என்னைப் போலவே ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண். 'மதிப்பிற்குரிய அக்கா' என்று தொடங்கியிருந்தாள். அதே புரதம், அவளே வளர்த்த முயல், அவளே எடுத்த சீரம். ஊசிக்கு முன் எடுத்த ரத்தத்தில் ஒன்றுமில்லை. ஊசிக்குப் பின் எடுத்ததில், சிறுநீரகத்தில் மட்டும் மங்கலாக ஒரு கோடு, அதுவும் எங்கள் கோடு இருக்கும் உயரத்தில் இல்லை. மற்ற உறுப்புகளில் சுத்தமாக எதுவும் வரவில்லை. 'உங்கள் கட்டுரையைக் காட்டி கைடு திட்டுகிறார். உங்கள் ஆன்டிபாடி கொஞ்சம் அனுப்ப முடியுமா?'

முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிட்டது. நாங்கள் தேடிய புரதம் அவளிடம்தான் இருக்கிறது. உன்னுடையது சரி, என்னுடையது பொய் என்று ஒரு வரி எழுதினால் போதும். பேனாவை எடுத்தேன். எழுதினால் பட்டம் என்னாகும் என்ற பயம் வந்தது. தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் நிரப்பி, இரண்டு சிறு குழாய்களில் என் சீரத்தை வைத்து, அந்தப் பக்கம் ரயிலேறிய ஒருவர் கையில் கொடுத்தனுப்பினேன். வாழ்த்தும் எழுதியிருந்தேன்.

அந்த மாதமே பதில் வந்தது. கூடவே ஒரு புகைப்படம். 'அக்கா, உங்கள் ஆன்டிபாடியில் முதல் தடவையே பளிச்சென்று வந்துவிட்டது. எல்லா உறுப்பிலும் வருகிறது. இத்தனை நாள் என் கைதான் ராசியில்லை என்று அழுதுகொண்டிருந்தேன். என் பழைய சீரம் முழுவதையும் கைடு கீழே கொட்டச் சொல்லிவிட்டார். கொட்டிவிட்டேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.'

படத்தில் கோடு என்னுடையதைவிட நேர்த்தியாக விழுந்திருந்தது.