பெட்டியை முகர்ந்து எழுதிய பொருளாதாரம்

போன ஞாயிற்றுக்கிழமை புனே வானவடியில் எங்கள் ஃப்ளாட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. மகள் ஆன்லைனில் வாங்கிய பனியன். அவள் கத்திரிக்கோலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நான் பெட்டியைக் கிழித்து உள்ளே மூக்கை விட்டுவிட்டேன். ஒன்றுமில்லை. காற்றடைத்த பிளாஸ்டிக் பைகள் நாலைந்து, கொஞ்சம் அட்டை வாசனை, அவ்வளவுதான்.

"பப்பா, டப்பாவ எதுக்கு மோந்து பாக்கறீங்க? சீ!" என்றாள். அவளுக்குத் தமிழ் தடுமாறும், கேலி தடுமாறாது.

பனியனின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். பங்களாதேஷில் தைத்தது என்று போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நாட்டின் தையல் தொழில் படுத்துவிட்டது என்று ஒரு காலத்தில் டைப் அடித்து, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவன் நான். நீங்களும் சிரிக்கலாம், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

காலேஜ் முடித்த கையோடு தளேகாவில் பம்பு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. ஏற்றுமதிப் பிரிவு. அம்மா இதை நிக்டியில் எங்கள் காலனி முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். போய்ப் பார்த்தால் நாலு மேஜை, ஒரு ஃபேன். மேஜைக்கு ஒரு நாடு: இலங்கை, பங்களாதேஷ், நேபாளம், பூட்டான். ஆட்களுக்கும் அதுதான் பெயர். "நேபாளம் டீ குடிக்கப் போயிருக்கு", "பூட்டானுக்கு இன்னிக்கு வயித்துவலி" என்று சாதாரணமாகப் பேசிக்கொள்வோம். பங்களாதேஷ் மேஜையில் கல்கத்தாக்காரன் ஷோம். டாக்காவுக்குப் போன் போட்டால் பம்பைப் பற்றி இரண்டு நிமிடம், மீனைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவான். தமிழ் தெரியும் என்பதால் நான் இலங்கை.

விற்பனையைவிட, பழுதாகித் திரும்பி வரும் பம்புகள்தான் எங்களுக்குப் பெரிய வேலை. அனுப்புகிறவர்கள் எதில் பொதிந்து அனுப்புவார்கள்? அவரவர் இடத்தில் எது இறைந்து கிடக்கிறதோ அதில். இலங்கைத் தேயிலை ஃபேக்டரிகளிலிருந்து வரும் பெட்டியில் தென்னை நாரும் தேயிலைத் தூளும் இருக்கும்; திறந்தால் ஸ்டோர்ஸ் முழுவதும் டீக்கடை. நேபாளத்திலிருந்து கம்பளம் நெய்கிற இடத்துக் கம்பளிப் பஞ்சு. பூட்டானிலிருந்து பைன் மரச் சீவல். ஒரு தடவை அதற்குள் காய்ந்துபோன ஆரஞ்சு ஒன்றும் வந்தது. டாக்காவின் தையல் ஆலைகளிலிருந்து வெட்டிப்போட்ட துணி. புத்தம்புதுத் துணியின் கஞ்சி வாசனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு பெட்டியை மோந்து பார்த்தே நாட்டைச் சொல்வேன். ஒரு நாட்டின் முக்கியத் தொழிலைத் தெரிந்துகொள்ள அதன் குப்பையே போதும் என்பது என் கொள்கை. அந்த வயதில் எனக்குக் கொள்கைகள் நிறைய இருந்தன.

பெட்டிகளைத் திறப்பது மல்லிகா. தேகு ரோடில் பிறந்து வளர்ந்தவள், என் வயதுதான். அவள் குடும்பம் வேலூர்ப் பக்கத்திலிருந்து மிலிட்டரி டிப்போ வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டது. டாக்காத் துணித்துண்டுகளை மட்டும் அவள் தூக்கிப் போடமாட்டாள். வீட்டுக்குக் கொண்டுபோய், அக்கம்பக்கத்து மராட்டிப் பெண்களோடு உட்கார்ந்து கோதடி தைப்பாள். துண்டுத்துணிகளை அடுக்கடுக்காக வைத்து நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்ட போர்வை அது. புனேக் குளிருக்கு அதற்கு ஈடு கிடையாது.

ஒருநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். வெளிநாட்டில் ஒரு உதிரிபாக டிப்போ திறக்கப் போகிறோம். கொழும்பா, டாக்காவா என்று முடிவாகவில்லை. இரண்டு நாட்டின் பொருளாதாரத்தையும் முக்கியத் தொழில்களையும் ஒப்பிட்டு இரண்டு பக்கம் எழுதிக் கொடு என்றார். டிப்போவைத் திறந்து ஆறு மாதம் நடத்த நம் ஆள் ஒருவர் போகவேண்டும், அந்த ஊர் மொழி தெரிந்தவராக இருந்தால் நல்லது என்றும் சொன்னார்.

கொழும்பு என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. புனேயிலேயே பிறந்தவனுக்குத் தமிழ் என்பது வாசற்கதவுக்கு உள்ளே மட்டும்தான். செருப்பை மாட்டினால் இந்தி, பஸ் ஏறினால் மராட்டி. கொழும்பில் ஒரு கடைக்குப் போய், "சோப்பு இருக்கா அண்ணே?" என்று தமிழில் கேட்பதாக எத்தனை முறை நினைத்துப் பார்த்தேன் தெரியுமா? பாஸ்போர்ட்டுக்கு அன்றைக்கே விண்ணப்பம் வாங்கினேன்.

அம்மாவுக்குக் கொழும்பு என்றாலே பயம். திருநெல்வேலியை விட்டு வந்து இத்தனை வருஷமாகியும் பேச்சு மாறாதவள். "அங்க போயி என்னத்துக்குய்யா? இந்தா இருக்க தளேகாவுக்குப் போயிட்டு வாரதுக்குள்ளயே எளச்சுப் போற" என்றாள். சொன்னவளே மறுவாரம் சிவப்பு நிறத்தில் ஒரு சூட்கேஸ் வாங்கி வைத்தாள்.

குறிப்பை எழுத உட்கார்ந்தேன். நூலகத்தில் கிடைத்த புள்ளிவிவரங்கள் பழையவை, ஒன்றோடொன்று ஒத்துப்போகவும் இல்லை. இருக்கவே இருக்கிறது என் கொள்கை. நான் சேர்ந்த புதிதில் டாக்காத் துண்டுகள் தலையணை உறை அளவுக்கு இருக்கும். அண்மையில் வந்த பெட்டிகளில் ரிப்பன் அகலத்துக்குக் கீற்றுகள்தான். துணி குறைந்துவிட்டது, ஆகவே தையல் தொழில் தேய்கிறது. இலங்கைப் பெட்டியிலோ தேயிலைத் தூள் கொட்டிக் கிடக்கிறது, ஆகவே செழிப்பு. கொழும்புதான் உகந்த இடம் என்று முடித்து, மேனேஜரிடம் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மீட்டிங்.

புதன்கிழமை மத்தியானம் ஸ்டோர்ஸில் மல்லிகாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவள் கையிலிருந்த துணிக் கீற்றைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அரே சாகேப், துண்டு சின்னதானா வேல கொறஞ்சிபோச்சுன்னு உனுக்கு யார் சொன்னா? வேல தெரியாதவன் வெட்டனா பெருசு பெருசா மிச்சம் ஆவும். தெரிஞ்சவன் வெட்டனா இவ்ளோதான். கையி தேறிப்போச்சு அவங்களுக்கு."

நான் விடவில்லை. துணியே வாங்காவிட்டாலும் துண்டு குறையுமே என்றேன்.

"முன்ன ஒரு பெட்டிக்கு மூணு கலர் வரும். இப்போ பாரு, எத்தினி கலர்! ஆர்டர் இல்லாமயா இத்தினி தினுசு துணி வாங்கிப் போட்டுக்கினு இருக்கான்? அப்புறம் உங்க இலங்கைத் தூளு, அது தரைய கூட்டி வாரினது. ஒரு வாட்டி டீ போட்டுக் குடிச்சிப் பாரு."

அவள் சொன்னது சரி என்று கேட்ட கணமே தெரிந்தது. குறிப்போ ஏற்கெனவே மேனேஜர் கையில்.

வியாழக்கிழமை எங்கள் பக்கத் தொழிற்சாலைகளுக்கு வாரவிடுமுறை. வேறு எந்த விடுமுறையும் அவ்வளவு நீளமாக இருந்ததில்லை. ஸ்கூட்டரை இரண்டு முறை கழுவினேன். பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? மல்லிகாவை மீட்டிங்குக்கு யார் கூப்பிடப் போகிறார்கள்? கட்டிலுக்கு அடியில் சிவப்பு சூட்கேஸின் மூக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் நான் எழுதியது தப்பு என்று தெரிந்த பிறகு, கொழும்புக் கடையில் சோப்பு கேட்கிற அந்தக் காட்சி மனதில் வர மறுத்தது. என்ன முயன்றும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மேனேஜர் குறிப்பைப் படிக்கத் தொடங்குமுன் எழுந்து நின்று, "தப்பா எழுதிட்டேன் சார்" என்று இந்தியில் சொன்னேன். யார் திருத்தியது என்று கேட்டார். ஸ்டோர்ஸ் மல்லிகா என்றேன். கூப்பிடு என்றார். அவள் இரண்டு துணிப்பைகளோடு வந்தாள். பழைய துண்டுகளை மேஜையில் ஒரு வரிசை, புதிய கீற்றுகளை ஒரு வரிசை பரப்பினாள். சரளமான மராட்டியில், எது கைக்குப் பக்கத்தில் வெட்டியது, எது கழுத்துக்குப் பக்கத்தில் வெட்டியது என்று காட்டிக்கொண்டே போனாள். ஒருவரும் டீயைத் தொடவில்லை. மேனேஜர் ஒரு கீற்றை எடுத்து ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தார். பிறகு ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். அங்கே எங்கள் பம்பு கேஸ்கெட்டுகளுக்கு வெட்டியதுபோக ரப்பர் ஷீட் மிச்சம் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தது.

டிப்போ டாக்காவுக்குப் போனது. மொழி தெரிந்த ஆள் என்று ஷோம் போனான். ரப்பர் வெட்டும் பகுதிக்கு மல்லிகா பொறுப்பாளர் ஆனாள். சில மாதங்களில் அந்தக் குவியல் என் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. நான் அதே மேஜையில் இலங்கையாகவே இருந்தேன். டாக்கா என்று முடிவான அன்று மாலை ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கொஞ்சம் அழுதேன். இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை.

அம்மா, "போகலையா? நல்லதாப் போச்சு" என்றாள். ஒரு நிமிடம் கழித்து, "ஆமா, அந்தப் பொட்டியக் கடக்காரன் திருப்பி எடுப்பானாய்யா?" என்று கேட்டாள். எடுக்கவில்லை.

குளிர் தொடங்கியபோது மல்லிகா ஒரு கோதடியைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டாள். அத்தனையும் டாக்காக் கீற்றுகள், இத்தனை நிறமா என்று நேபாளமும் பூட்டானும் எழுந்து வந்து பார்த்தார்கள். "கொழும்புக்குத்தான் போவல. டாக்காவப் போத்திக்கினு தூங்கு சாகேப்" என்றாள்.

அந்த பாஸ்போர்ட் ஒரு முத்திரையும் வாங்காமல் காலாவதியானது. கம்பெனி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. பழுதான பம்பை இப்போதெல்லாம் யாரும் கடல்தாண்டித் திருப்பி அனுப்புவதில்லை. போட்டுவிட்டு வேறு வாங்குகிறார்கள். கோதடியின் ஒரு மூலை கிழிந்தபோது மல்லிகாவுக்குப் போன் செய்து துண்டு கேட்டேன். "துண்டே கெடைக்கறதில்ல சாகேப். எவனும் வீணாக்கறது இல்ல. உன் பொண்ணோட பழைய பனியன் இருந்தா குடு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பார்சலைப் பிரித்த கையோடு பரணிலிருந்து அந்தச் சிவப்பு சூட்கேஸை இறக்கினேன். வெயில் காலத்தில் கோதடியை அதற்குள்தான் வைக்கிறோம். மகள் பார்க்காத நேரமாகப் பார்த்து, மூடியைத் திறந்து, துணிக்குள் மூக்கை வைத்து நன்றாக இழுத்தேன். பாச்சை உருண்டை வாசனைதான் வந்தது.