எஞ்சின் அறையில் மூன்று பேர்

ஏரல் கடைத்தெருவில் உலக அரசியல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கும். அலி அஸ்கர் அண்ணாச்சி ஆட்டைத் தோலுரித்துக் கம்பியில் மாட்டி, புளியங்கட்டையைக் கழுவி, வெட்டுக்கத்தியை இரண்டு இழுப்பு இழுத்துத் தீட்டியதும் வரிசை அமைதியாகிவிடும். முதல் ஆராதனை முடித்து வருகிற நாங்களும், பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வருகிறவர்களும் தூக்குவாளியோடு ஒன்றாக நிற்போம். கறி அரை மணி நேரம் தாமதமானாலும் யாரும் கேட்பதில்லை.

அவர் குடலை இரண்டு கைகளாலும் உயர்த்திப் பிடிப்பார்.

“இதான் செங்கடல். மேல சூயஸ் கால்வாய். கீழ இங்கன ஏமன். இந்த எடத்துல ரெண்டு வெரல வச்சு நசுக்குனா என்னலே ஆவும்?” நசுக்குவார். உள்ளே இருப்பது மறுபக்கம் பிதுங்கி வாளியில் விழும். “எல்லாக் கப்பலும் ஆப்பிரிக்காவச் சுத்திக்கிட்டுப் போவணும். பத்துப் பதினஞ்சு நாள் கூடுதல். ஒலகத்துக்கே மலச்சிக்கல், வே!”

தலை என்றால் அமெரிக்கா. அதைக் கடைசியில்தான் பிளப்பார். டெல்லியைப் பற்றி யாராவது கேட்டால் கத்தி ஒரு கணம் நிற்கும்.

“நம்மாளு ரஷ்யாக்காரன்ட்ட எண்ணெய் வாங்குதான், அமெரிக்காக்காரன்ட்ட கையக் குலுக்குதான். தப்பே கெடையாது. கசாப்புக்காரன் எந்தச் சந்தையில ஆடு மலிவோ அங்கனதான் வாங்குவான். ஆட்டுக்காரன் நல்லவனா கெட்டவனான்னு பாத்தா கடை நடத்த முடியுமா?”

இதெல்லாம் அவர் ஜெத்தாவில் கற்றது. அங்கே ஓர் அறுப்புக்கூடத்தில் பதினோரு வருடம் இருந்தார். ஹஜ் பருவத்தில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் ஆடு கைபடும். சுவரில் அரபிச் செய்தி ஓடிக்கொண்டே இருக்கும். பாக்தாத்தில் குண்டு விழுந்ததும் காஸாவில் கட்டடம் சரிந்ததும் கழுத்தறுத்துக்கொண்டே கேட்டவை. கையும் காதும் அப்படிச் சேர்ந்து பழகிவிட்டதால், ஊருக்குத் திரும்பிக் கடை போட்ட பிறகும் செய்தி சொல்லாமல் அவருக்குக் கறி வெட்ட வராது.

என் சித்தப்பா மகன் ஜாஸ்பர் இதையெல்லாம் கைப்பேசியில் படமெடுத்து இணையத்தில் போடுவான். நான் துபாயில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வானத்தில் லேசாகச் சத்தம் கேட்டாலும் முதலில் செய்தியைத் திறந்து பார்க்கும் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த நாட்களில் அண்ணாச்சியின் குரலைக் கேட்டால் பயம் கொஞ்சம் குறையும். ஏவுகணையையும் நெஞ்செலும்பையும் ஒரே தொனியில் சொல்லும் குரல் அது. தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பி வைப்பேன்.

அவருக்கு ஒரே மகள், முஃபீதா. வீடு கடைக்குப் பின்னாலேயே. அவர்கள் குடும்பத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருக்க வேண்டும். ஆனால் மாமனாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. மருமகன் உள்ளே வந்தால் மாமனார் எழுந்து வெளியே போவார்; அதுதான் மரியாதை. அண்ணாச்சியே தன் மாமனாரிடம் இருபத்திரண்டு வருடத்தில் நான்கு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். எனவே மருமகன் அகமது மீரான் கப்பலில் ஆயிலர், எந்திரங்களுக்கு எண்ணெய் விடுகிறவன், என்ற அளவுக்குத்தான் அவருக்குத் தெரியும். எந்தக் கப்பல், எந்தக் கடல் என்று கேட்டதில்லை. உலகத்தின் அத்தனை போர்க்கப்பல்களின் பெயரும் அவருக்குத் தெரியும்.

போன ஜூலையில் நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். அந்த ஞாயிறு வரிசையில் ஐந்தாவது ஆளாக நின்றேன். அண்ணாச்சி வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தார். கைப்பேசியைத் தராசில் சாய்த்து வைத்தார்.

“நேத்து செங்கடல்ல நடந்தது. ஆளில்லாப் படகு. பாருங்க, பாருங்க, இந்தா வருது…”

நீலத் தண்ணீரில் ஒரு வெள்ளைக் கோடு. பச்சை நிறப் பாரந்தூக்கிகளோடு ஒரு சரக்குக் கப்பல். கோடு கப்பலின் பின்பகுதியைத் தொட்டது. சத்தமில்லாமல் ஒரு ஆரஞ்சு நிறம் பூத்து, கரும்புகை பாரந்தூக்கியை விழுங்கியது.

“குடுத்தான் பாரு!” வெட்டுக்கத்தி இறங்கியது. நெஞ்சுக்கூடு இரண்டாகப் பிளந்தது. “எஞ்சின் ரூமுக்கு நேரா! படிச்சவன் அடி, வே. கப்பலோட ஈரக்கொல அது. அங்கன குத்துனா எந்திரிக்கவே மாட்டான்.”

வரிசை சிரித்தது. நானும்தான். ஜாஸ்பர் எடுத்துக்கொண்டிருந்தான். “இன்னொரு மட்டம் போடுங்க அண்ணாச்சி.”

போட்டார். மூன்றாவது முறை ஓடும்போது முஃபீதா எலும்புக்காகச் சட்டியோடு பின்வாசலில் வந்து நின்றாள். சட்டி விழுந்த சத்தத்தில்தான் திரும்பினோம்.

“வாப்பா, நிறுத்துங்க. அந்தக் கடைசிப் பாரந்தூக்கியப் பாருங்க.”

அதன் கீழ்ப்பாதி புதுப் பச்சை, மேல்பாதி துரு.

“பெயிண்டு தீந்துபோயிப் பாதியில விட்டுட்டோம்னு அவுஹ போட்டோ அனுப்புனாஹ வாப்பா. அது கீழ நின்னு எடுத்தது. அது அவுஹ கப்பல்.”

அண்ணாச்சி கைப்பேசியை எடுத்தார். ரத்தக் கை வழுக்கியதில் படம் நிற்காமல் நான்காவது முறையும் ஓடி, கப்பல் மறுபடி வெடித்தது.

திங்கட்கிழமை மும்பையிலிருந்து, ஆளெடுத்து அனுப்பிய நிறுவனத்தின் மின்னஞ்சல் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கப்பல் மூழ்கிவிட்டது. பத்தொன்பது பேரைப் படகில் மீட்டிருக்கிறார்கள். எஞ்சின் அறையில் பணியிலிருந்த மூன்று பேரைப் பற்றி இன்னும் தகவல் இல்லை. அந்த மூன்று பெயரில் ஒன்று அகமது மீரான்.

“என்ன எழுதியிருக்கான் எபி?” என்றார் அண்ணாச்சி.

“தேடுறாங்களாம்” என்றேன். தேடுவதாக அதில் ஒரு வரியும் இல்லை.

உள்ளேயிருந்து அவர் மனைவி ரைஹானத்தின் குரல் வந்தது. “எம்புள்ள எரியும்போது கை தட்டுன மனுசனுக்குச் சோறு வேணுமான்னு கேளு முஃபீதா.” அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை.

புதன்கிழமை கடை திறந்தார். வீட்டு அழுகைக்கு நடுவே உட்கார்ந்திருக்க முடியவில்லை போலும். செய்தி எதுவும் சொல்லாமல் வெட்டினார். துண்டுகள் கோணலாக விழுந்தன. எலும்புச் சில்லுகள் தெறித்து வாடிக்கையாளர் சட்டையில் பட்டன. அப்போதுதான் ஜாஸ்பர் வந்தான்.

“ஏலே, அந்தப் படத்த அழிச்சிரு” என்றார்.

“அழிச்சா மட்டும்? நாலு லட்சம் பேரு பாத்தாச்சு அண்ணாச்சி. கப்பல்காரனுவ குரூப்புலல்லாம் சுத்துது. ‘குடுத்தான் பாரு’ன்னு நீங்க கத்திய எறக்குதிய பாருங்க, அதுக்கு எவனோ பாட்டு வேற சேத்து விட்டிருக்கான். எங்கிட்டுப் போயிப் புடிக்க?”

குரலில் கேலி இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதுதான் அவரைக் கிளப்பியிருக்க வேண்டும். தராசுக்கு மேலாகக் கையை நீட்டி ஜாஸ்பரின் தலைமயிரைப் பிடித்து இழுத்தார். முகம் கட்டையில் மோதி மூக்கு உடைந்தது. ஆட்டு ரத்தத்தோடு அவன் ரத்தமும் சேர்ந்து வடிகாலுக்கு ஓடியது. இடது கையால் கன்னத்தைக் கட்டையோடு அழுத்தினார்.

“இப்ப எடுலே படம்! இப்ப போடு!”

நான் பாய்ந்து அவர் வலது தோளைத் தள்ளினேன். கத்தி இறங்கிவிட்டது. ஜாஸ்பர் ஊளையிட்டுக்கொண்டு கீழே சரிந்தான். அவன் காது இருந்த இடத்தை ஒட்டிக் கட்டையில் பதிந்திருந்த கத்திக்குப் பக்கத்தில், அண்ணாச்சியின் இடது கட்டைவிரல் நுனி தனியாகக் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். கத்தியைப் பிடுங்கி, கறித்துண்டை ஒதுக்குவதுபோல அதன் முனையால் பைய ஓரமாக ஒதுக்கினார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

ஜாஸ்பரின் அம்மா சாலோமி சித்தி வந்து, மகன் மூக்கில் துணியை அழுத்தியபடி சொன்னாள்: “போலீசுக்கு எவனாவது போனிய, நானே கொன்னுருவேன். பொறவு போலீசுக்காரன் இவன் போட்ட வீடியோவயும்லா கேப்பான்.”

வியாழக்கிழமை மதியம் முஃபீதாவின் கைப்பேசி அடித்தது. செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையில், ஜிபூட்டியில் ஓர் ஆஸ்பத்திரி; அந்த வழியாகப் போன வேறொரு கப்பல் தண்ணீரிலிருந்து தூக்கி அங்கே சேர்த்திருந்தது. திரையில் முகமும் கழுத்தும் கட்டுப் போட்ட ஓர் உருவம். கண்ணை வைத்துத்தான் ஆளை அடையாளம் தெரிந்தது.

முஃபீதா கைப்பேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதறினாள். ரைஹானத் அவளைக் கட்டிக்கொண்டாள். அண்ணாச்சி வழக்கப்படி எழுந்து வாசலுக்கு நடந்தார். அப்போது மீரானின் குரல் கேட்டது.

“மாமாட்ட குடு.”

முஃபீதா கைப்பேசியை நீட்டினாள். கட்டுப் போட்ட கையில் அதை வாங்கிய அண்ணாச்சிக்குத் திரையை எப்படிப் பார்ப்பதென்று தெரியவில்லை. தரையைப் பார்த்தார்.

“மாமா, அந்த வீடியோ எனக்கும் வந்துச்சு. படுத்துக்கெடந்து பாத்தேன்.”

“ம்.”

“நீங்க சொன்னது சரிதான். எஞ்சின் ரூமுக்கு நேராத்தான் வந்துச்சு. மூணு பேரு இருந்தோம். ஒருத்தன் ரோமெல், பிலிப்பைன்ஸ்காரன். இன்னொருத்தன் ஓலெக், உக்ரைன்காரன். அவன் ஊர்ல குண்டு போடுதான்னு கடலுக்கு ஓடியாந்தவன் மாமா. ஆவி அடிச்சி அவன் தோலு கழண்டுச்சு. நீங்க உரிப்பியல்லா, அப்பிடி. ரோமெல் என்னைய ஏணியில ஏத்திவிட்டான். அவன் ஏறல.”

அண்ணாச்சி கைப்பேசியைக் கட்டில்லாத கைக்கு மாற்றிக்கொண்டார்.

“அந்த ரெண்டு பேரையும் ஞாயித்துக்கெழம கடையில வச்சுச் சொல்லுங்க. அதே கட்டைக்கு முன்னால நின்னு, அதே சனத்துக்கிட்ட. அதுவரைக்கும் நான் உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன். முஃபீதா வேணும்னா என் உம்மா வீட்டுக்கு வரட்டும்.”

“சொல்லுதேன்” என்றார் அண்ணாச்சி. மருமகனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அன்று சாயங்காலம் என்னை வரச் சொன்னார். இரண்டு பெயரையும் காகிதத்தில் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டார். உச்சரிப்பு சரியா என்று பத்துமுறையாவது கேட்டிருப்பார். உலகத் தலைவர்களின் பெயரையெல்லாம் உருட்டும் நாக்குக்கு ‘ஓலெக்’ சிக்கிக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வரிசை மீன்கடை வரை நீண்டிருந்தது. படம் பார்த்துவிட்டு வெளியூரிலிருந்தும் வந்திருந்தார்கள். ஜாஸ்பர் மூக்கில் பிளாஸ்திரியோடு எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றான். கைப்பேசி பையிலேயே இருந்தது. அண்ணாச்சி கட்டையைக் கழுவினார். கத்தியைத் தீட்டினார். வலது கையை மட்டும் வைத்துச் செய்வதால் நேரம் பிடித்தது. குடலைத் தொடவில்லை.

“ரோமெல்” என்றார். பிறகு காகிதத்தைப் பார்த்து, “ஓலெக்.”

கூட்டம் காத்திருந்தது. முன்னால் நின்ற ஒருவர் பொறுக்காமல் கேட்டார்: “அது யாரு அண்ணாச்சி? எந்த நாட்டு மந்திரி?”

“எஞ்சின் ரூம்ல நின்னவனுவ.” காகிதத்தைக் கட்டையில் வைத்தார். “நான் குடுத்தான் பாருன்னு சொன்னேன்லா, அப்ப அங்கன நின்னவனுவ. எம் மருமவன் மூணாவது ஆளு.”

யாரும் சிரிக்கவில்லை. பின்வாசலில் முஃபீதா கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரையில் வெள்ளைக் கட்டுத் துணி தெரிந்தது. அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பவில்லை. மருமகன் முகத்தை நேராகப் பார்க்காத முறையை மட்டும் அவர் விடவில்லை. முதல் ஆளின் வாளியை வாங்கினார்.

“நெஞ்செலும்பா, தொடையா?”