வெண்டெல் சாப்பிட்ட வீடுகள்

என் வீட்டுக்காரர் வெண்டெல் ஸ்கிரக்ஸ் இருபத்தெட்டு வருடங்களில் பதினோரு கல்லூரிகளில் அமெரிக்க ஃபுட்பால் கோச்சாக இருந்தவர். டி.வி.யில் பேட்டி கொடுக்கிற பெரிய கோச் இல்லை. அவருக்குக் கீழே பத்துப் பேர் இருப்பார்கள், அதில் ஒருவர். முன்வரிசைப் பையன்களுக்கு மட்டும் கோச். முந்நூறு பவுண்டு உடம்போடு குனிந்து நின்று, எதிரே வருகிறவனை முட்டித் தள்ளி, பின்னால் பந்தோடு நிற்கிற அழகனைக் காப்பாற்றுவது அந்தப் பையன்களின் வேலை. பந்தை அவர்கள் தொடவே மாட்டார்கள். ஊரில் யாருக்கும் அவர்கள் பெயர் தெரியாது. வெண்டெலும் இளம் வயதில் அப்படி ஆடியவர்தான். இரண்டு முழங்காலும் அப்போதே போய்விட்டன.

பதினோரு கல்லூரி என்றால் பதினோரு வீடு. அட்டைப் பெட்டிகளை நான் தூக்கிப் போடுவதே இல்லை. மடித்து கார் ஷெட்டில் அடுக்கி வைத்திருப்பேன். பெரிய கோச்சை நீக்கினால் கீழே இருக்கிற பத்துப் பேரும் கூடவே போக வேண்டும். யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். காலையில் ஆபீஸ் கதவில் அடையாள அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு எரியாது, அவ்வளவுதான். ஒரு ஊரில் கடையில் வெண்ணெய் வாங்கிக்கொண்டு நின்றபோது பில் போடுகிற பெண், "ரொம்ப வருத்தமா இருக்கு மேடம், ரேடியோவுல கேட்டேன்" என்றாள். நான்தான் வெண்டெலுக்குப் போன் போட்டு, உனக்கு வேலை போய்விட்டது என்று சொன்னேன்.

இவ்வளவுக்கும் நடுவில் அவருக்கு எப்படி அடுத்த வேலை கிடைத்துக்கொண்டே இருந்தது என்றால், அம்மாக்களால். பள்ளிக்கூடத்தில் ஆடுகிற நல்ல பையனைத் தங்கள் கல்லூரிக்கு இழுக்க ஒவ்வொரு கோச்சும் வீடு தேடிப் போவார்கள். மற்றவர்கள் வரவேற்பறையில் உட்கார்ந்து பையனிடம் பேசுவார்கள். வெண்டெல் நேரே சமையலறைக்குப் போய்விடுவார். போட்டதைச் சாப்பிட்டு, இன்னொரு தடவை கேட்டு வாங்குவார். கிளம்பும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வசனம்: "நாலு வருஷம் எங்கிட்ட இருப்பான். டிகிரியோட வீட்டுக்கு அனுப்பறது என் பொறுப்பு." அதைச் சொல்லும்போது அவர் நடிக்கவில்லை. எனக்குத் தெரியும். நடிக்கத் தெரிந்திருந்தால் எப்போதோ பெரிய கோச் ஆகியிருப்பார்.

டவாரிஸ் மோப்லி அப்படி வந்த பையன்தான். மிசிசிப்பியில் பெல்காட் என்ற சின்ன ஊர். அப்பா இல்லை. அம்மா எர்னஸ்டின் கோழி ஆலையில் வேலை செய்கிறவர். அந்தப் பையனுக்காக இன்னொரு பெரிய கல்லூரியும் வந்து நின்றது. எண்பதாயிரம் பேர் உட்காருகிற மைதானம் உள்ள இடம். எங்களுடையது அலபாமாவில் ஹார்லன் ஸ்பிரிங்ஸ். மைதானத்தில் பாதி நாற்காலி காலியாகத்தான் இருக்கும். ஆனாலும் எர்னஸ்டின் எங்களைத்தான் தேர்ந்தெடுத்தார். எனக்குப் போனில் காரணம் சொன்னார்.

"அந்தப் பெரிய காலேஜ்காரர் என் தட்டத் தொடவே இல்ல மிஸ் கிளெண்டா. டயட்டாம். உங்க வீட்டுக்காரர் ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்ட்டார். நீங்க எம் புள்ளையப் பாத்துக்குவீங்க."

"வயிறு வாடாம நான் பாத்துக்கறேன். மத்தத வெண்டெல் பாத்துப்பார்" என்றேன். சும்மா வாய் வார்த்தையாகச் சொல்லவில்லை. மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமை மதியம் முன்வரிசைப் பையன்கள் என் மேசையில்தான் சாப்பிட்டார்கள். டவாரிஸ் மட்டும் கடைசிவரை இருந்து பாத்திரம் கழுவுவான்.

"மிஸ் கிளெண்டா, இன்னிக்கு உருளைக்கிழங்கு மசியல்ல கட்டி கட்டியா இருக்கே."

"உன் மண்டையில இருக்கறத விடக் கம்மிதான். தின்னுடா."

சாயங்காலம் எர்னஸ்டினுக்குப் போன் செய்து, பையன் எத்தனை தட்டு சாப்பிட்டான் என்று சொல்வேன். ஆட்டத்தில் அவன் அதிகம் இறங்கவில்லை. முதல் வருடம் தோள்பட்டை விலகியது, அடுத்த இரண்டு வருடமும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். ஆனால் படிப்பு ஒழுங்காகப் போனது. இன்னும் ஒரே வருடம், கையில் டிகிரி. அந்தக் குடும்பத்தில் முதல் டிகிரி.

போன நவம்பரில் ஏழாவது ஆட்டத்தையும் தோற்றோம். பெரிய கோச்சை அனுப்பிவிட்டார்கள். புது கோச்சை ஏற்றிக்கொண்டு எந்த விமானம் எங்கிருந்து கிளம்புகிறது என்று ஊரே செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தது. பல் டாக்டர், டயர் கடைக்காரர், பாதிரியார் உட்பட. வந்து இறங்கியவர் பிரெட் கெஸிங்கர். வயது முப்பத்தெட்டு. விலை உயர்ந்த ஷூ, சாக்ஸ் கிடையாது. கீழே இருந்த பத்துப் பேரில் ஒன்பது பேரின் கதவு அட்டைகள் செத்துவிட்டன. வெண்டெலை மட்டும் வைத்துக்கொண்டார். மூன்று மாநிலத்து அம்மாக்களை வெண்டெலுக்குத் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அன்று வெண்டெல் வீட்டுக்கு வந்து சாவியைக்கூட மாட்டாமல் சமையலறையில் நின்றார். நான் கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன்.

"வேலை இருக்கா இல்லியா, அத மொதல்ல சொல்லு."

"இருக்கு."

"அப்புறம் ஏன் மூஞ்சி எழவு வீடு மாதிரி இருக்கு?"

"அந்த ஆளு சுவத்துல ஒரு பலகை மாட்டிருக்கான் கிளெண்டா. பையனுங்க பேரு எல்லாம் காந்தத்துல எழுதி ஒட்டிருக்கான். முன்வரிசையில பதினாறு பேர். ஒம்போது போதுமாம். மீதி எடத்துக்கு வேற காலேஜ்லேர்ந்து ஆடி முடிச்ச பசங்களக் கொண்டு வரானாம். ஏழு காந்தத்தக் கழட்டி எங் கையில குடுத்துட்டான்."

"டவாரிஸ்?"

அவர் பாக்கெட்டைத் தொட்டார். காந்தம் அதில்தான் இருந்தது.

போ என்று நேரடியாகச் சொல்லக் கூடாது. உனக்கு இங்கே ஆட வாய்ப்பு இருக்காது, வேறு இடம் பார்ப்பது உனக்கு நல்லது என்று நைசாகச் சொல்ல வேண்டும். வேறு கல்லூரிக்குப் போக விரும்புகிறவர்களுக்கென்று ஒரு மாற்றல் பட்டியல் உண்டு, பையன் தானாகவே அதில் பெயர் கொடுப்பான். கொடுத்த நிமிடம் ஆட்டத்துக்காக அவனுக்குக் கிடைத்த ஸ்காலர்ஷிப்பை இந்தக் கல்லூரி இன்னொருவனுக்குக் கொடுத்துவிடலாம். பெயர் கொடுக்கப் பதினைந்தே நாள்.

"நான் மாட்டேன்னு சொல்லிடப் போறேன்" என்றார்.

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். அதை மறைக்கப் போவதில்லை.

"சொல்லிட்டு? நாளைக்கு உன் அட்டையும் சாவும். அவன் வேற ஒருத்தன விட்டுச் சொல்லச் சொல்லுவான். அந்தப் பையன் எப்படியும் போகப் போறான், நாமளும் சேந்து போவோம். நம்ம பொண்ணு மேரிபெத்துக்கு இது பள்ளிக்கூடத்துல கடைசி வருஷம். பொறந்ததுலேர்ந்து இப்பதான் ஒரே ஸ்கூல்ல மூணு வருஷம் இருந்திருக்கா. உன் முழங்காலுக்கு மார்ச்ல ஆபரேஷன். இன்ஷூரன்ஸ் யார் குடுப்பா, உன் மனசாட்சியா?"

"அவங்கம்மாட்ட வாக்கு குடுத்திருக்கேன்."

"அப்ப அவனுக்கு நல்ல எடமாப் பாத்துக் குடு. அதுவும் வாக்குதான்."

அது எனக்கு அன்று ரொம்ப சாமர்த்தியமான பேச்சாகப் பட்டது.

வெண்டெலுக்கு டேல் பிக்கெட் என்று ஒரு நண்பர், எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர். ஆர்கன்ஸாவில் ஒரு கல்லூரியில் இதே முன்வரிசை வேலை. பட்டியலில் பெயர் ஏறும்வரை அந்தப் பையனைப் பற்றி வேறு கல்லூரிக்காரர் பேசவே கூடாது என்பது விதி. அதனால் இந்தத் தொழிலில் எல்லோரும் பேசாமல் பேசுவார்கள். எழுத்தில் ஒரு வரி இருக்காது. ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"எங்கிட்ட ஒரு எடம் காலியா இருக்கு வெண்டெல். யாருக்குன்னு நான் கேக்கல, நீயும் சொல்லல."

"நான் சொல்லவே இல்ல."

"ரெண்டு தட்டு சாப்புடுவானா?"

"மூணு."

"அப்ப சரி. நான் இருக்கேன்."

அடுத்த ஞாயிறு சாப்பாடு முடிந்து மற்ற பையன்கள் போனார்கள். டவாரிஸ் கை ஈரத்தோடு வந்து உட்கார்ந்தான். வெண்டெல் விஷயத்தைச் சொன்னார். பையன் கொஞ்ச நேரம் உப்பு ஜாடியைச் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

"பேரு குடுக்கச் சொல்றீங்களா கோச்?"

"நான் அப்படிச் சொல்லக் கூடாதுப்பா."

"ரூல் என்னன்னு நான் கேக்கல. உங்களக் கேக்கறேன்."

வெண்டெல் என்னைப் பார்த்தார். நான் தட்டுகளை எடுத்தேன்.

"குடு" என்றார்.

என் மேசையிலேயே, என் மேசை விரிப்பின் மேலேயே போனை வைத்து அந்தக் கட்டைவிரலால் தட்டி அனுப்பினான். அனுப்பிவிட்டு, "அம்மாட்ட நீங்களே சொல்லுங்க மிஸ் கிளெண்டா, நீங்க சொன்னாத்தான் பயப்பட மாட்டாங்க" என்றான். சொன்னேன். எர்னஸ்டின் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கோச் சரின்னாரா?" சரி என்றார் என்றேன். "அப்ப சரி."

புதன்கிழமை ஆர்கன்ஸா கல்லூரியின் பெரிய கோச் இன்னும் பெரிய கல்லூரிக்குத் தாவிவிட்டார். வியாழக்கிழமை டேலின் கதவு திறக்கவில்லை. அவர் கார் நிறுத்துமிடத்திலிருந்து போன் செய்து அழுதார். யாருக்காக அழுதாரோ, தெரியாது. அங்கே வரப்போகிற புதியவர் தன் ஆட்களைத் தன்னோடு கூட்டி வருகிறார், டேல் வைத்திருந்த இடமும் போயிற்று.

வெண்டெல் ஓடினார். அந்த முழங்காலோடு மாடிப்படி ஏறி கெஸிங்கரிடம் போய் நின்றார். பையனுடைய இடத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். "அது போச்சே. டெக்ஸாஸ் பையன் ஒருத்தன் நேத்தே கையெழுத்துப் போட்டுட்டான்" என்றாராம் கெஸிங்கர், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

அதன்பிறகு வெண்டெல் நாற்பத்தொரு கோச்சுகளுக்குப் போன் செய்தார். பட்டியலில் ஆயிரக்கணக்கான பெயர்கள். மூன்று வருடத்தில் நாற்பது நிமிடம் ஆடியவனின் வீடியோவை யார் பார்க்கப் போகிறார்கள்? கான்ஸஸில் ஒரு குட்டிக் கல்லூரி பாதிக் கட்டணத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. மீதிப் பாதிக்கு எர்னஸ்டின் எங்கே போவார்? ஜனவரியில் வகுப்புகள் தொடங்கிவிட்டன. டவாரிஸ் விடுதி அறையில் பையைக் கட்டி வைத்துவிட்டு, மணி அடிக்காத போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சனிக்கிழமை எர்னஸ்டின் தன் தம்பியின் பிக்கப் வண்டியை நாலு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்தார். பையனின் சாமான்களை ஏற்றிக்கொண்டு நேரே எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினார். மூன்று வருடம் போனில் பேசியும் நேரில் நான்கைந்து முறைதான் பார்த்திருக்கிறோம். சின்ன உருவம், ஆலைக்குப் போகிற ரப்பர் பூட்ஸ். டவாரிஸ் வண்டியிலிருந்து இறங்கவில்லை.

"உள்ள வாங்க எர்னஸ்டின். காபி போடறேன்."

"வேண்டாம்."

சமையலறை வரை வந்தார். உட்காரவில்லை. வெண்டெல் எழுந்து நின்றார்.

"மேடம், நான் எப்படிச் சொல்றதுன்னு..."

"மன்னிப்பு கேக்க வேண்டாம் கோச். எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். எங்க வீட்டுக்கு வந்தீங்களே, நான் உங்களுக்கு என்ன போட்டேன்?"

வெண்டெல் விழித்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். எத்தனை சமையலறை, எத்தனை தட்டு. பாவம், தேடினார். அவர் நிஜமாகவே தேடினார்.

"கோழி வறுவல்" என்றார். "ரொம்ப நல்லா இருந்துது மேடம். ரெண்டு தடவ வாங்கினேன்."

எர்னஸ்டின் குரலை உயர்த்தவில்லை. மெதுவாகத்தான் பேசினார்.

"நான் பத்தொம்போது வருஷமா கோழி வெட்டறேன் கோச். எங்க வீட்டு வாசப்படிய கோழி தாண்டினதே இல்ல. அன்னிக்கு மீன் போட்டேன். எந் தம்பி ஏரியில புடிச்சது."

என் பக்கம் திரும்பினார். "அவன் எத்தன தட்டு சாப்ட்டான்னு நீங்க சொல்லிட்டே இருந்தீங்க. அதுல வயிறு நெறஞ்சு நான் வேற ஒண்ணும் கேக்காம இருந்துட்டேன்."

அவ்வளவுதான். கதவைக்கூட அடிக்கவில்லை, மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். நான் கையில் காபிப் பொடி ஸ்பூனோடு நின்றேன். வண்டி திரும்புகிற சத்தம் கேட்டது.

டவாரிஸ் இப்போது அம்மாவோடு அதே ஆலையில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டேன், தொங்குகிற கோழிகளைக் கொக்கியிலிருந்து எடுக்கிற இடத்தில். அந்த ஒரு வருடத்தை முடிக்கப் போவதில்லையாம். நான் இரண்டு ஞாயிறு போன் செய்தேன். எடுக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு நான் செய்யவில்லை.

மேரிபெத் பள்ளியை முடித்தாள். வெண்டெலுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தது. நான் கேட்டதெல்லாம் கிடைத்தது. இந்த டிசம்பரில் வெண்டெலின் அட்டையும் செத்தது. வேறு கல்லூரிப் பையன்கள் வந்தும் கெஸிங்கர் தோற்றார், பழியைப் போட ஒரு முன்வரிசைக் கோச் தேவைப்பட்டது. கார் ஷெட்டிலிருந்து பெட்டிகளை எடுத்தேன். ஓரங்கள் கிழிந்திருந்தன, டேப் ஒட்டினேன்.

பன்னிரண்டாவது கல்லூரி டென்னஸியில். இந்தத் தொழிலை விடச் சொன்னேன். "எனக்கு வேற என்ன தெரியும் கிளெண்டா?" என்றார். நான் தட்டுகளைப் பெட்டியில் அடுக்கினேன்.

நேற்று ஜார்ஜியாவில் ஏதோ ஒரு வீட்டு வாசலிலிருந்து போன் செய்தார். கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"எழுதிக்கோ" என்றார். "அந்தப் பையன் பேரு டெஷான் விக்கர்ஸ். அம்மா பேரு லூவெல்லா. பன்றித் தொடை, சோள ரொட்டி, பீச் பழம் உள்ள வச்சு சுட்ட பை. பை ரெண்டு துண்டு."

"அவங்ககிட்ட என்ன சொன்ன?"

அந்தப் பக்கம் வண்டி கிளம்பியது.

"எப்பவும் சொல்றதத்தான்."

எர்னஸ்டின் வந்துபோன பிறகு ஃபிரிட்ஜ் மேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதில் எழுதினேன். பை ரெண்டு துண்டு என்பதையும்.