அமிலம் ஊற்றாத கூமரின்

ஆலையில் எல்லோரும் அவரை ஐஸக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மேலதிகாரி யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாதவருக்கு அந்தப் பெயர் வந்தது வேலையால். ரிசார்சினால் என்ற பொடியையும் எஸ்டர் என்ற திரவத்தையும் அடர் கந்தக அமிலத்தில் கலந்தால் கூமரின் கிடைக்கும். சாயப் பட்டறைகளுக்குப் போகிற வெள்ளைப் பொடி. கலவை சூடேறாமல் இருக்கச் சுற்றிலும் ஐஸ் கொட்ட வேண்டும். பதினொரு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

கொஞ்சம் அசந்தால் எல்லாம் தாராகக் கறுத்துவிடும். சரியாக வந்தாலும் கழிவுத் தொட்டி நிறைய அமிலத் தண்ணீர். துணியெல்லாம் பொத்தல். பேருந்து ஓட்டும் கணவர், "உனக்குப் புதுத்துணி எதுக்கு, கொசுவலையே போதும்" என்பார்.

ஒருநாள் குழாய் கழன்று, கூட வேலை பார்த்தவரின் முன்கையில் அமிலம் தெறித்தது. உடனே தண்ணீரில் காட்டியதால் தோலோடு போயிற்று. அமிலத்தை ஊற்றாமலே இதைச் செய்ய முடியாதா என்று ஐஸக்கா அன்று முழுக்க யோசித்தார்.

மறுநாள் தண்ணீர் சுத்திகரிக்கும் அறைக்குப் போனார். உப்பை நீக்கும் தொட்டியில் கடுகளவு பழுப்புப் பிசின் மணிகள் இருந்தன. அமிலத்தன்மை அந்த மணிகளோடு ஒட்டியே இருக்கும், வழியாது, தெறிக்காது.

"ஒரு கைப்பிடி குடுங்கண்ணே."

"எதுக்கும்மா, தாளிக்கவா?" என்றார் தொட்டிக்காரர். கொடுக்கவும் செய்தார்.

ஒரு சிறு குடுவையில் அமிலத்துக்குப் பதில் மணிகளைப் போட்டார்; அவை மெதுவாகத்தான் வேலை செய்யும் என்பதால் ஐஸ் வைக்காமல் கலவையைச் சூடாக்கினார். முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது தடவை கால்வாசிதான். மணிக்குள் ஈரம் இருந்தது பிறகுதான் பிடிபட்டது. ஒரு நாள் முழுக்கக் காயவைத்து மறுபடி போட்டார். சூட்டோடு வடிகட்டியபோது மணிகள் வலையில் தங்கின. ஆறிய கரைசலில் ஊசி ஊசியாக வெள்ளைப் படிகம் இறங்கியது.

மேலாளர் புற ஊதா விளக்கைப் பிடித்தார். பொடி கூமரினுக்கே உரிய நீலத்தில் ஒளிர்ந்தது.

"அமிலமே ஊத்தலையா?"

"ஊத்தல சார். மணியை ஆல்கஹால்ல அலசிக் காயவெச்சா திரும்பவும் போடலாம்."

அவர் விளக்கை அணைத்துவிட்டு, இன்னொரு தடவை எரியவிட்டுப் பார்த்தார்.

பெரிய கலனுக்கு மாற்ற எட்டு மாதம் பிடித்தது. வலை அடைத்தது, மணி நொறுங்கியது, கலக்கும் வேகத்தைக் குறைக்கவேண்டி வந்தது. ஐஸக்கா ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். முதல் முப்பது கிலோ மூட்டைகளில் ஏறிய காலையில், செய்முறைத் தாளில் 'வகுத்தவர்' என்ற கட்டத்தில் தன் முழுப்பெயரை நிதானமாக எழுதினார். பிறகு இரண்டாவது தேநீரை வாங்கிக்கொண்டு, வெயில் விழுந்த படியில் காலை நீட்டி உட்கார்ந்தார்.