திருகாணி மீது சுமத்திய பழி

என் தங்கைக்கு வலப்பக்க மூக்கிலிருந்து மட்டும் சளியோடு குருதி வந்துகொண்டிருந்தது. ஆவணியில் தொடங்கியது, மாசி வரை நிற்கவில்லை. அந்த ஆறு திங்களும் அதற்கு நாங்கள் கற்பித்த காரணம் ஒன்றே: அவள் அணிந்திருந்த மூக்குத்தி. படித்தவர்கள் என்று பெயர் வாங்கியிருந்த இரு குடும்பத்தார் கூடி நிகழ்த்திய அந்த மடமையை நினைக்குந்தோறும் இன்றும் எனக்குச் சினம் மூள்கிறது. அக்கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதால் அச்சினம் ஆறுவதற்கு வழியும் இல்லை.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்று, மயிலாப்பூரில் குடியிருந்தேன். தங்கை அபிராமபுரத்தில் கணவர் வீட்டில் இருந்தாள், நாற்பத்தெட்டு வயது. அவள் மகளுக்குத் தை மாதத்தில் திருமணம் உறுதியாகியிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் நான் அவள் வீட்டுக்குச் செல்வது வழக்கம். ஒரு வெள்ளியன்று, எவரும் அருகில் இல்லாத நேரம் பார்த்து, தன் கைக்குட்டையை விரித்துக் காட்டினாள். மஞ்சள் சளியின் நடுவே செந்நிற இழைகள் இரண்டு மூன்று ஓடியிருந்தன.

“தினமும் காலைல இப்படித்தான் அண்ணா வருது. ஒரு பக்கம் மட்டும்.”

‘ஒரு பக்கம் மட்டும்’ என்று அவள் சொன்னதை என் காது கேட்டது, அறிவு கேட்கவில்லை. அதற்கு முந்தைய மார்கழியில் எனக்குக் கடுஞ்சளி பிடித்திருந்தபோது மூக்கின் இரு பக்கமும் இப்படிக் குருதி கசிந்து நாலைந்து நாளில் நின்றுபோயிற்று. அதைச் சொல்லித் தேற்றினேன். தேற்றுவதில் எங்கள் குடும்பத்தாருக்கு ஈடில்லை.

அவளுடைய மாமியாரோ அதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டிருந்தார். எழுபதைக் கடந்த அம்மையார். அவர் சொல்லுக்கு அவ்வீட்டில் மறுசொல் கிடையாது. உள்ளே இருக்கும் திருகாணி உரசிச் சதை புண்ணாகியிருக்கிறது, பத்தரிடம் கொடுத்து மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்றார். மூக்குத்தி வலப்பக்கம், குருதியும் வலப்பக்கம். அதற்கு மேல் சான்று வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

தங்கையை நானே மயிலாப்பூர்ப் பத்தரிடம் அழைத்துச் சென்றேன். அவர் மூக்குத்தியைக் கழற்றி, துளை தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சி ஒன்றைச் செருகிவிட்டுப் புதிய திருகாணி செய்யத் தொடங்கினார். அந்த அரை மணி நேரமும் தங்கை முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கணவன் உயிரோடிருக்கும் பெண் பொன்னில்லாத மூக்கோடு பிறர் கண்ணில் படலாகாது என்பது அவளுக்கு ஊட்டப்பட்டிருந்த பாடம். ஐப்பசியில் மறுபடியும் சென்றோம். கார்த்திகையில் மூன்றாம் முறை சென்றபோது பத்தர் வேலையைத் தொடாமல் மூக்குத்தியை என்னிடமே நீட்டினார்.

“இன்னா சார், ரெண்டு வாட்டி மாத்திக் குடுத்துட்டேன். இந்தத் திருகாணில ஒரு பிசிறு கீதா, நீயே பாரு. அம்மாவ டாக்டராண்ட இட்டுக்கினு போ சார்.”

அந்த மனிதர் சொன்னது முழு உண்மை. நானோ, வேலையில் இருக்கும் குறையை மறைக்க மருத்துவம் பேசுகிறார் என்று எண்ணினேன். எண்ணியதோடு நில்லாமல், தெருவில் போவோர் நின்று பார்க்கும்படி அவரைக் கடிந்துகொண்டேன். அவர் பூதக்கண்ணாடியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். நான் முப்பத்திரண்டு ஆண்டு பிறர் தாளைத் திருத்தியவன். திருத்தப்பட வேண்டியவன் எதிரில் நின்றவன் அல்லன் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வெள்ளியன்று தங்கையே ஒரு வழி சொன்னாள். எங்கள் அனைவரிலும் தெளிவாக எண்ணியவள் அவள்தான்.

“பதினஞ்சு நாள் கழட்டி வெச்சுப் பாக்கறேன். ரத்தம் நின்னுட்டா மூக்குத்திதான். நிக்கலைன்னா வேற ஏதோ இருக்குன்னு தெரிஞ்சிடும் இல்ல?”

மாமியார் அரிவாள்மணையிலிருந்து தலை நிமிர்ந்தார். “ஏம்மா, என் பையன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கான். மூளி மூக்கோட பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை வெக்கப் போவியா? பாக்கறவ என்ன நெனைப்பா?”

குத்துக்கல் என்று சொல்லப்பட்டவர் செய்தித்தாளைத் தாழ்த்தவில்லை. தங்கை என்னைப் பார்த்தாள். அவள் பக்கம் பேச அவ்விடத்தில் என்னைத் தவிர ஆளில்லை.

“தை முடியட்டுமே அம்மா” என்றேன் தங்கையிடம்.

அந்தச் சொற்களை நான் மென்மையாகத்தான் சொன்னேன். எத்தனை மென்மையாகச் சொன்னேன் என்பதே இப்போது என்னைச் சுடுகிறது.

தை வந்தது. தியாகராய நகரில் கடைகடையாக ஏறிப் பட்டு எடுத்தார்கள். திருமண மண்டபத்தில் தங்கை வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு, இடுப்பில் நான்கு கைக்குட்டைகளைச் செருகிக்கொண்டு நின்றாள். மூக்கிலிருந்து தனக்கு மட்டும் ஒரு கெட்ட வாடை வருவதாகவும், வலப்பக்க மேல்வரிசைப் பற்கள் கடுப்பதாகவும், அந்தக் கன்னம் கனப்பதாகவும் பின்னர்தான் சொன்னாள். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். யாரிடம் சொல்வது என்று திருப்பிக் கேட்டாள்.

மாசி முதல் வாரத்தில், எவரிடமும் ஒப்புதல் கேளாமல், அடையாற்றில் இருந்த காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் அவளை அழைத்துச் சென்றேன். மருத்துவர் இளம்பெண். இரண்டு பக்கமா, ஒரு பக்கமா என்பதே அவருடைய முதல் வினா. பிறகு நாக்கை அழுத்திப் பார்க்கும் எஃகுத் தகட்டை மூக்கின் கீழே படுக்கைவாட்டில் பிடித்து மூச்சு விடச் சொன்னார். இடப்பக்கம் தகடு மங்கியது. வலப்பக்கம் அது பளபளவென்றே இருந்தது. அப்பக்கத்தில் காற்றுப் போக்கே இல்லை.

அதன்பின் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார். செவிலிப் பெண் பத்து நொடியில் கழற்றிப் பஞ்சில் சுற்றி என் கையில் கொடுத்தார். திருகாணி மாற்றுவதற்கன்றி, ஆறு திங்களாக இரு குடும்பத்தாலும் செய்ய முடியாத செயல் அது. விளக்கைப் பாய்ச்சி உள்ளே பார்த்த மருத்துவர், திருகாணியின் முனை எட்டவே முடியாத ஆழத்தில் ஒரு வளர்ச்சி மூக்கை அடைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

நான் கேட்ட மூட வினாக்களுக்கெல்லாம் பொறுமையாக விடை சொன்னார். சளி பிடித்து ஓங்கிச் சிந்தினாலும், காற்று வறண்டாலும், நகம் பட்டாலும், ஒவ்வாமையால் ஓயாது தும்மினாலும் மூக்கின் மெல்லிய தோல் கிழிந்து சளியில் குருதி இழையோடும். குருதியை இளக்கும் மாத்திரை உண்பவர்க்கும் வரும். பெரும்பாலும் அது தானே ஆறிவிடும். ஆனால் ஒரே பக்கமாகத் திரும்பத் திரும்ப வந்தாலோ, அடைப்பு, கெட்ட வாடை, கன்னத்தில் கனம், பல்வலி ஆகியவை சேர்ந்துகொண்டாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ ஒரு வாரம்கூடத் தாழ்க்கலாகாது. மூக்கை அழுத்திப் பிடித்தும் கால் மணி, அரை மணியில் நில்லாத பெருக்கென்றால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

“ஆறு மாசமா திருகாணிய மாத்திட்டு இருந்தீங்களா சார்?”

வீட்டுக்கு வந்ததும் ஒரு எவர்சில்வர் தட்டை என் மூக்கின் கீழே பிடித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் மங்கியது. எல்லா வீட்டு அடுக்களையிலும் இருக்கும் தட்டு! அதைச் சுவரில் வீசி எறிந்தேன். அறுபது வயதில் ஒருவன் செய்யத்தக்க செயலன்று, ஆயினும் எறிந்தேன்.

அறுவை பங்குனியில் நடந்தது. சோதனை முடிவு புற்று அன்று என்றது. ஆனால் மீண்டும் வளரக்கூடியது, வளர்ந்தால் தன்மை மாறவும் கூடும், ஆண்டுக்கு இருமுறை பார்த்தாக வேண்டும் என்றார்கள். தொடக்கத்திலேயே வந்திருந்தால் மூக்கின் வழியாகவே எடுத்திருக்கலாமாம். அதற்குள் அது கன்னத்து எலும்பறை வரை பரவிவிட்டதால் மேலுதட்டின் உட்புறத்தைக் கீறி எடுக்க வேண்டியதாயிற்று. அதில் ஒரு நரம்பு போயிற்று. வலக்கன்னமும் மேலுதட்டின் அப்பாதியும் மரத்துப்போயின, உணர்ச்சி திரும்பவில்லை.

“கல்யாணம் ஒரு குறையும் இல்லாம முடிஞ்சுதே, அதச் சொல்லுங்க தம்பி” என்று மருத்துவமனையில் மாமியார் என்னிடம் சொன்னார். நான் வெளியே போய் நின்றேன்.

வைகாசியில் புதுமண மக்களையும் மாப்பிள்ளை வீட்டாரையும் அபிராமபுரத்துக்கு விருந்துக்கு அழைத்திருந்தார்கள். வரிசையாக இலை போட்டிருந்தது. தங்கையின் மேலுதட்டில் இரண்டு பருக்கைகளும் சிறிது குழம்பும் ஒட்டிக்கொண்டிருந்தன. அது அவளுக்குத் தெரியவில்லை. தெரிவதற்கு அங்கே உணர்ச்சி இல்லை. மாமியார் வந்தவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, “வாயத் தொடச்சுக்க. குழந்தையா நீ?” என்றார்.

இம்முறை பேசிவிடுவது என்று வாய் திறந்தேன். தங்கை என்னைக் கையமர்த்தினாள். புறங்கையால் இடப்பக்கத்தைத் துடைத்து, பிறகு வலப்பக்கத்தையும் துடைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

“அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது அத்தை. நீங்கதான் பாத்துச் சொல்லணும். இனிமே தினமும், ஒவ்வொரு வேளையும்.”

மாமியாரின் பார்வை தம் இலையில் விழுந்தது. தங்கை என் பக்கமும் ஒருமுறை திரும்பினாள். நான் தலை குனிந்துகொண்டேன்.