மூக்கர் முகர்ந்த அடுப்பு

கேஸ் அடுப்பு பழுது பார்க்கும் அவரை அந்த வட்டாரத்தில் எல்லோரும் மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய மூக்கு என்று நினைத்துவிடாதீர்கள், சப்பை மூக்குதான். ஆனால் வாசலில் நின்று முகர்ந்தபடியே, "ஹோஸ்ல இல்லம்மா, ரெகுலேட்டர்ல கசியுது" என்று சொல்லிவிடுவார். இருபத்தாறு வருடப் பிழைப்பு. மற்ற மெக்கானிக்குகள் சோப்புத் தண்ணீர் தடவி நுரை வருகிறதா என்று பார்த்தால், "அடுப்பைக் குளிப்பாட்டவா வந்தான்?" என்பார். கொழுப்புதான், வேறென்ன!

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மகளின் மாமனார் மாமியார் சாப்பிட வருவதாக இருந்தது. கொல்லையில் இருந்த, கறி சுடும் கேஸ் கிரில் அடுப்பைப் பற்றவைத்தால் தீ சோம்பலாக எரிந்து அணைந்தது. ஊர் அடுப்பையெல்லாம் எரிய வைக்கிறவர், சம்பந்தி முன்னால் அசடு வழியலாமா? சிலிண்டரை மூடிவிட்டு ரெகுலேட்டரைக் கழற்றினார். பர்னர் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருந்தது. கம்பி விட்டுக் குடைந்து எடுத்தார். எல்லாவற்றையும் மறுபடி மாட்டி, சிலிண்டரை மெல்லத் திறந்து, குனிந்து ஒவ்வொரு இணைப்பாக முகர்ந்தார். ஒன்றுமில்லை. லைட்டரை எடுத்தார்.

"ஐயோ, பத்த வைக்காதீங்க!" சமையலறைக் கதவிலிருந்து மனைவி அலறினாள். "குடலைப் புரட்டுற நாத்தம் வருதே!"

"சும்மா இரு. நான் மோந்து பார்த்துட்டேன்."

அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த நுரைப் பஞ்சோடு ஓடி வந்து ரெகுலேட்டர் மேல் பிழிந்தாள். நுரை கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியது.

அவர் பாய்ந்து சிலிண்டரை மூடினார். பூண்டு உரித்த வாசம் சோப்புக்கும் போகாத விரல்களை அவள் அவர் மூக்கடியில் நீட்டினாள். "இது?"

அவருக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. போன மாதக் காய்ச்சலுக்குப் பிறகு சாப்பாடெல்லாம் சப்பென்று இருந்தது. அவள் கைப்பக்குவம் போய்விட்டது என்று குறை வேறு சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு இது வேண்டாங்க. உள்ளேயே சமைச்சுக்கறேன். வேற ஆள் வந்து பார்த்த பிறகு பத்த வைக்கலாம்."

அது அவர் காதில் விழவில்லை. ஒரு மாதம்! எத்தனை வீடு! நேற்றுக்கூட, அடுத்த தெருக் கைக்குழந்தைக்காரி வீட்டில் புது ஹோஸ் மாட்டி முகர்ந்து பார்த்துவிட்டு வந்தாரே. உடனே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டார்.

"தங்கச்சி, அடுப்பைப் பத்த வச்சிருக்கியா?"

"இல்லண்ணே, இப்பதான் பால் காய்ச்சப் போறேன். காலைலேர்ந்து ஏதோ நாத்தம் வந்துட்டே இருக்கு. நீங்க பார்த்த அடுப்பாச்சே, எனக்குத்தான் மூக்குல கோளாறுன்னு விட்டுட்டேன்."

"கோளாறு எனக்குத்தாம்மா!" கொல்லையே அதிரக் கத்தினார் மூக்கர். "எதையும் தொடாதே! பிள்ளையைத் தூக்கிட்டு வெளிய ஓடு!"