அண்ணன் வீட்டைக் குத்திய ஆண்டெனா

போன வாரம் ஜேடர்பாளையம் பக்கம் ஒரு இரும்புக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தபோது எனக்கு வந்த வார்த்தைகளை எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மோட்டார் பேனல் செய்வதுதான் என் பிழைப்பு என்று உங்களுக்குத் தெரியும். கோழிப்பண்ணை வைத்திருக்கும் செல்லமுத்து கூப்பிட்டார். பண்ணையில் போர்வெல் வற்றிவிட்டது. நான்கு கிலோமீட்டர் தள்ளி ஆற்றோரத்தில் இருக்கும் குடும்பக் கிணற்றிலிருந்துதான் பைப்பில் தண்ணீர் வர வேண்டும்.

பண்ணைத் தொட்டியில் ஒரு பிஎல்சி, கிணற்று மோட்டாரில் ஒரு பிஎல்சி. மோட்டார் எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்கிற சின்னக் கம்ப்யூட்டர், அவ்வளவுதான். தொட்டி குறைந்தால் இது சொல்லும், அது ஓட்டும். இடையில் ஒயர் இழுக்க வழியில்லை — நடுவில் எத்தனை பேருடைய காடு தோட்டம்! அதனால் ரெண்டு பக்கமும் ஒயர் இல்லாமல் செய்தி அனுப்பும் ரேடியோ மோடம், கம்பத்தில் ஆண்டெனா. ஈட்டி மாதிரி நீளமாக இருக்கும். ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். திரும்பினால் தொடர்பு அறுந்துவிடும், மோட்டார் நின்றுவிடும்.

மாட்டினேன். ஓடியது. சேலம் திரும்பினேன்.

மறுநாள் காலையே போன். லிங்க் இல்லை.

மோடத்தை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். ஸ்பீடு செட்டிங், ஸ்டேஷன் நம்பர்... எல்லாம் சரி. சிக்னலைக் கெடுக்கிறது என்று பண்ணையின் ஃபேன்களைத் திட்டினேன். மோடம் விற்றவனைத் திட்டினேன். கிணற்றுக் கம்பத்தை மட்டும் பார்க்கவில்லை. நான் முறுக்கிய போல்ட்டை எவன் அவிழ்க்கப் போகிறான்?

இதற்கிடையில் செல்லமுத்து பைக்கில் போய்ப் போய்க் கையால் மோட்டார் போட்டார். மூன்றாம் நாள் தீவனம் எடுக்கப் போனவர் வரத் தாமதமாகிவிட்டது. மதியம் தொட்டி காலி. அந்த வெயிலில் அத்தனை கோழியும் இறக்கையை விரித்து வாயைப் பிளந்து நின்றன. டேங்கர் வருவதற்குள் நாற்பது செத்துவிட்டன.

செல்லமுத்து கத்தவில்லை. "ஏனுங்க, நாளைக்காவது தண்ணி வருமுங்களா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் என்னை ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

நேராகக் கிணற்றுக்குப் போய் அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். ஆண்டெனா பக்கத்துக் கரும்புக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கிணற்றுக்கு எதிரே செல்லமுத்துவின் அண்ணன் பெரியசாமியின் வீடு. அவரே வந்தார். "நாந்தானுங்க திருப்புனேன்" என்றார், மாட்டை இடம் மாற்றிக் கட்டியதைச் சொல்வது போல.

ஏன்?

"எங்கூட்டு வாசப்படிய நேராக் குத்திக்கிட்டு நின்னுதுங்க. அது ஏறுன அன்னிக்குப் பொழுதோடயே, எம் புள்ளையப் பொண்ணு பாக்க வாரோம்னவங்க வரலைன்னுட்டாங்க."

தெருக்குத்துக்குப் பிள்ளையார் வைப்பார்கள். ஆண்டெனாக் குத்துக்கு எதை வைப்பது? தம்பியிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். தம்பி சிரிப்பான் என்றார். கோழி செத்ததைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. நேரே போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தார்.

நான் விடவில்லை. ரேடியோ அலை யாரையும் குத்தாது, கல்யாணத்தைக் கலைக்காது என்று கால் மணி நேரம் கத்தினேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சரிங்க. உங்கூட்டப் பாத்து இப்படி ஒண்ணு நின்னா உட்டுருவீங்களா?" என்றார்.

விடுவேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் மகளுக்கும் வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மறுநாள் கிணற்றுப் பக்கம் வேறு ஆண்டெனா மாட்டினேன். வெறும் குச்சி. எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி சிக்னல் விடும். நாலு கிலோமீட்டருக்கு அது போதும். முதல் நாளே இதை மாட்டியிருக்கலாமே என்கிறீர்களா? சிக்னல் பலமாக இருக்கட்டும் என்று ஈட்டியை எடுத்தது என் புத்தி.

பெரியசாமி குச்சியைச் சுற்றி வந்து பார்த்தார். "இதுக்கு மூஞ்சி எந்தப் பக்கமுங்க?"

"மூஞ்சியே இல்லீங்க."

கம்பத்தை அவரே பிடித்துக்கொண்டார். நான் போல்ட்டை முறுக்கினேன். அன்று மதியம் தொட்டி தானாக நிரம்பியது.

ஒரு மனிதனின் வாசலுக்கு நேராக ஈட்டியை நீட்டிவிட்டு, அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வந்தவன் நான். முட்டாள் யார் என்று நீங்களே சொல்லுங்கள். அந்த நாற்பது கோழியிடம் மட்டும் கேட்காதீர்கள்.